கண்ணும் காதும் முரண்பட்டால் மூளை யார் பக்கம்?

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 2

படம் பார்க்கும்போது என் ஸ்பீக்கர் மேசைக்குக் கீழே இருக்கிறது. ஆனால் குரல் திரையில் இருப்பவரின் வாயிலிருந்து வருவதாகவே கேட்கிறது. கீழேயிருந்துதான் வருகிறது என்று தெரிந்த பிறகும் மாறவில்லை. அப்படியானால் கண்தான் எஜமான், காதும் மூக்கும் தோலும் அதற்கு எடுபிடிகள் என்று முடிவுகட்டிவிடலாம்தானே? இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 2, இரவு

இருக்கிறது. முதலில் உங்கள் கட்சிக்குச் சாதகமான சாட்சி ஒன்றை நானே தருகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் இடது காது அடைத்துக்கொண்டது. பெரிய நோய் ஒன்றுமில்லை, குரும்பி இறுகி அதில் தண்ணீரும் புகுந்து ஊறிவிட்டது. நான் சோம்பேறித்தனமாக மூன்று வாரம் அப்படியே விட்டுவிட்டேன். அந்த மூன்று வாரமும் உலகம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அழைப்புமணி வலப்பக்கம், பின்னால் வரும் வண்டி வலப்பக்கம், இடப்பக்க அறையில் அழும் குழந்தையும் வலப்பக்கம். ஆனால் எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் குரல் மட்டும் ஒழுங்காக எதிரேயிருந்து வந்தது. கண்ணை மூடினால் அதே குரல் வழுக்கிக்கொண்டு என் வலது தோளுக்குப் போய்விடும். திறந்தால் மறுபடி அவர் வாயில் வந்து உட்காரும். இந்த வேடிக்கையை அலுவலகக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் செய்துகொண்டிருந்தேன். தூங்கி வழிகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

ஆக, குரலைக் கண் இழுத்துப் போகிறது என்பது உண்மை. பொம்மையைப் பேசவைக்கும் வித்தைக்காரர் பிழைப்பதே இதை வைத்துத்தான். அவர் குரலை எங்கும் வீசுவதில்லை. தன் வாயை அசைக்காமல் பொம்மையின் வாயை அசைக்கிறார், மீதியை நம் கண் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் எஜமான் என்ற சொல்லில்தான் தகராறு. 2000ஆம் ஆண்டு லாடன் ஷாம்ஸும் இரண்டு சகாக்களும் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். திரையில் ஒரே ஒரு முறை வெள்ளைப் புள்ளி மின்னும். அதே நேரத்தில் அடுத்தடுத்து இரண்டு 'பீப்' ஒலிக்கும். பார்த்தவர்கள் இரண்டு மின்னல் என்றார்கள். கண் கண்டது ஒன்று, காது கேட்டது இரண்டு, கடைசியில் 'பார்த்தது' இரண்டு. இங்கே கண்தான் எடுபிடி. ஆக, 'எங்கே' என்றால் கண் சொல்வது எடுபடும், 'எப்போது, எத்தனை' என்றால் காது சொல்வது எடுபடும். இரண்டு இலாகா, இரண்டு அமைச்சர்.

பிப்ரவரி 3, காலை

நேற்று இரவு எழுதியதன் கடைசி இரண்டு வரிகளை வாபஸ் வாங்குகிறேன். படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. இலாகா நிரந்தரமில்லை.

2004இல் டேவிட் அலேயும் டேவிட் பர்ரும் 'எங்கே' என்ற கேள்வியிலேயே கண்ணைத் தோற்கடித்துக் காட்டினார்கள். கூரான ஒளிப்புள்ளியாக இருக்கும்வரை ஒலியை அது தன் பக்கம் இழுத்தது. புள்ளியை மங்கலான பெரிய திட்டாக ஆக்கியபோது கதை தலைகீழானது. ஒலி கேட்ட இடத்துக்கு ஒளி நகர்ந்தது. நடுத்தர மங்கலில் இரண்டும் இடைவழியில் சந்தித்தன. ஆக மூளை பார்ப்பது பதவியை அல்ல, அந்தக் கணத்தில் யார் சாட்சி எவ்வளவு தெளிவு என்பதை. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே மார்க் எர்ன்ஸ்டும் மார்ட்டின் பேங்க்ஸும் தொடுதலையும் பார்வையையும் வைத்து இதே கணக்கைக் காட்டியிருந்தார்கள். ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணாலும் விரலாலும் ஒருசேர மதிப்பிட வேண்டும். காட்சியில் இரைச்சலைக் கூட்டக் கூட்ட, மனிதர்கள் விரலின் பக்கம் சாய்ந்தார்கள்.

கணக்கு என்றேன், அதையும் போட்டுவிடுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. கண் ஒரு பாகை பிசகும், காது மூன்று பாகை பிசகும் என்று வையுங்கள். எடை, பிசகின் வர்க்கத்துக்குத் தலைகீழ். அதாவது கண்ணுக்கு 9 பங்கு, காதுக்கு 1 பங்கு. ஸ்பீக்கர் வாயிலிருந்து 10 பாகை தள்ளி இருந்தால், குரல் வாயிலிருந்து ஒரே ஒரு பாகை தள்ளி ஒலிப்பதாகத் தோன்றும். ஒரு பாகையை யார் கவனிக்கப் போகிறார்கள்? கண்ணை மூன்று பாகை பிசகும் அளவுக்குக் கெடுத்தால் இரண்டுக்கும் சம பங்கு, குரல் நடுவில், 5 பாகையில் போய் நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. தனித்தனியே மூன்று பாகை பிசகும் இரண்டு சாட்சிகளைச் சேர்த்தால் கூட்டு மதிப்பீட்டின் பிசகு ஏறத்தாழ 2.1 பாகைதான். இரண்டு சுமாரான சாட்சிகள் சேர்ந்து, தனித்தனியாக இருந்ததைவிட நல்ல சாட்சி ஆகின்றன. மூளை இந்தத் தொல்லையை எடுத்துக்கொள்வதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 3, மாலை

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், குரல் ஸ்பீக்கருக்கு இறங்கவில்லையே என்று ஒருவர் புகார். இறங்காது. அந்தச் சோதனையில் மங்கல் என்றால் பார்வைப் பரப்பின் பெரும்பகுதியை அடைக்கும் மங்கல். உங்கள் பவர் அந்த அளவுக்குப் போயிருந்தால் இந்த இழையை நீங்கள் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

பிப்ரவரி 5

மெக்கர்க் விளைவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தமிழில் எழுதிக் காட்டுவது சிரமம் என்பதால்தான். முயற்சி செய்கிறேன்.

ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976இல் வெளியிட்டது. ஒரு பெண் பேசும் காட்சி. வாய் சொல்வது ஒன்று, ஒலிப்பதிவில் ஓட்டியது வேறொன்று. ஒலி 'ப'. எந்த ப? 'அம்பு'வில் வருகிற ப. வாயசைவு 'க'. எந்த க? 'தங்க'த்தில் வருகிற க. பார்த்துக்கொண்டே கேட்டவர்களுக்குக் கேட்டது இரண்டும் இல்லை, 'பந்து'வின் த-வுக்கும் 'வண்டி'யின் ட-வுக்கும் நடுவில் ஒன்று. கண்ணை மூடினால் சுத்தமான ப. திறந்தால் மறுபடி த.

நம் எழுத்தில் வல்லினத்துக்கு ஒரே வடிவம் என்பதால் இத்தனை 'எந்த ப' போட வேண்டியிருக்கிறது. ஆனால் அவர்கள் 'பல்', 'கல்' ஆகிய சொற்களின் முதலில் வரும் ப, க வகையையும் சோதித்தார்கள். அதிலும் விடை த வகைதான். எனவே தமிழர்கள் தைரியமாக ப + க = த என்று எழுதிக்கொள்ளலாம்.

எனக்கு இதில் வியப்பு த அல்ல, அதன் பிடிவாதம். இந்தக் காணொலியை ஐம்பது முறையாவது பார்த்திருக்கிறேன். விஷயம் தெரியும், விடை தெரியும், அந்த ஒலிப்பதிவில் க-வோ த-வோ இல்லவே இல்லை என்று தெரியும். தெரிந்ததால் ஒரு பயனும் இல்லை. கேள்வி கேட்டவர் 'கீழேயிருந்துதான் வருகிறது என்று தெரிந்த பிறகும் மாறவில்லை' என்றாரே, அதே கதை. நான் கேட்டேன் என்று சொல்லும் நிலைக்கு வருவதற்குள் சேர்க்கும் வேலை முடிந்துபோயிருக்கிறது. நம் கைக்கு வருவது கையெழுத்தான தீர்ப்பு மட்டும்.

விடை ஏன் த? ப சொல்ல உதடு ஒட்ட வேண்டும். காட்சியில் ஒட்டவில்லை. ஆகவே ப இல்லை என்று கண் அடித்துச் சொல்கிறது. க-வா என்றால் காது ஒத்துக்கொள்ளவில்லை. உதடு ஒட்டாமல், காதில் விழுந்ததற்கும் மிகத் தொலைவில்லாமல் இருப்பது எது என்று தேடினால் த கிடைக்கிறது. தலைகீழாக, காதுக்குக் க, கண்ணுக்குப் ப என்று கொடுத்தால் பலருக்கு 'ப்க' மாதிரி இரண்டும் கலந்து கேட்கும். உதடு ஒட்டியதைக் கண்ணால் பார்த்தாயிற்று, அதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 5, சற்றுப் பிறகு

உதடு என்றதும் ஞாபகம் வந்தது. நிரோட்டகம் என்று நம் புலவர்கள் ஒரு வகைப் பாட்டு எழுதினார்களே, உதடே சேராமல் பாடுவது. அதை உதட்டசைவைப் படித்துப் புரிந்துகொள்கிற ஒருவர் முன் சொன்னால் அவர் பாடு திண்டாட்டம்தான். கண்ணுக்கு நிச்சயமாகத் தெரிவதே ப, ம, வ போன்றவைதான். அதிலும் ப-வும் ம-வும் கண்ணுக்கு ஒன்று. 'பாடு' என்றாரா 'மாடு' என்றாரா என்று உதட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் காதுதான் தீர்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இரைச்சலில் காது முதலில் தவறவிடுவது ப-வா த-வா க-வா என்ற வேறுபாட்டை. கண்ணுக்கு எளிதில் தெரிவதும் அதே வேறுபாடு. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடிக்கிறார்.

பிப்ரவரி 6

என் அப்பாவுக்கு எழுபதுக்கு மேல் காது மந்தமாகிவிட்டது. 'இரு, கண்ணாடி போட்டுக்கொள்கிறேன், நீ சொல்வது கேட்கவில்லை' என்பார். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அவர் சொன்னது அட்சரசுத்தமான உண்மை என்று பின்னால்தான் புரிந்தது. 1954லேயே சம்பி, போலாக் என்ற இருவர் இதை அளந்திருக்கிறார்கள். பேசுபவரின் முகம் தெரிந்தால் சொற்கள் கூடுதலாகப் புரியும். அந்த உதவி அமைதியான அறையில் சொற்பம், இரைச்சல் ஏற ஏறப் பெரிது. எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த நாட்களில், நல்ல காது உள்ளவர்களும் 'என்ன, என்ன' என்று கேட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கும். கவசம் குரலைக் கொஞ்சம் மழுக்குகிறது. உதட்டை முழுதாக மறைக்கிறது.

நலிந்த நேரத்தில் உதவி அதிகம் என்கிற இந்தக் குணம் ஒற்றை நியூரான் அளவிலேயே இருக்கிறது. நடுமூளையில் சுப்பீரியர் காலிகுலஸ் என்று ஒரு பகுதி. ஏதாவது சத்தமோ அசைவோ வந்தால் கண்ணையும் தலையையும் அந்தப் பக்கம் திருப்புவது அதன் வேலை. கண்ணின் வரைபடம், காதின் வரைபடம், உடலின் வரைபடம் மூன்றும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்திக் கிடக்கின்றன. பாரி ஸ்டைனும் அலெக்ஸ் மெரிடித்தும் 1980களில் பூனைகளின் இந்தப் பகுதியில் மின்முனை வைத்துக் கேட்டார்கள். மங்கலான ஒளி மட்டும் என்றால் நியூரான் முணுமுணுக்கும். மெல்லிய ஒலி மட்டும் என்றாலும் அப்படியே. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வந்தால் சில நியூரான்கள் இரண்டு முணுமுணுப்பையும் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்கு கூச்சல் போட்டன. ஒளியும் ஒலியும் தனித்தனியே பலமாக இருந்தால் இந்தக் கூடுதல் சுருங்கிவிடும். இருட்டில் சருகு சரசரத்து, ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தால் நாம் துள்ளுவதை நினைத்துப் பாருங்கள். தனியே சருகு மட்டும் என்றால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

பிப்ரவரி 8

நேரத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருப்பது நல்ல கேள்வி. ஒளி முந்தி வரும், ஒலி பிந்தி வரும், மூளை எப்படி ஒன்றாகச் சேர்க்கிறது?

ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர். 10 மீட்டர் தள்ளி ஒருவர் கைதட்டினால் ஒலி வந்துசேர ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட் ஆகும், ஒளிக்கு நேரமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் உள்ளே நுழைந்ததும் நிலைமை மாறும். காதின் மயிர்செல்கள் (ஒலியை நரம்புச் செய்தியாக்குபவை) அசைந்ததும் அவற்றின் கதவு திறந்துவிடும், மில்லிசெகண்ட் கூட ஆகாது. விழித்திரையில் வேதிவினைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டும், பத்துப் பத்து மில்லிசெகண்டாக நேரம் தின்னும். வாசல்வரை முந்தி வந்த ஒளி வரவேற்பறையில் காத்திருக்கிறது, பிந்தி வந்த ஒலி நேரே உள்ளே போகிறது. சுமார் 10 மீட்டர் தொலைவில் இரண்டும் ஏறத்தாழச் சேர்ந்து போய்ச் சேரும். ஓட்டப் பந்தயத்தை விளக்கை எரித்துத் தொடங்காமல் சத்தத்தால் தொடங்குவதிலும் இந்த லாபம் இருக்கிறது.

மற்றத் தொலைவுகளில் மூளை தாராளமாக விட்டுக்கொடுக்கிறது. விட்டுக்கொடுப்பது இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்பதுதான் சுவாரசியம். ஒளிபரப்புக்கான பன்னாட்டுப் பரிந்துரை ஒன்றில், ஒலி படத்தை 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுபிடிப்பார்கள், ஆனால் 125 மில்லிசெகண்ட் பிந்தும்வரை கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று இருக்கிறது. காரணம் எளிது. இயற்கையில் ஒலி ஒளியை முந்தி வந்த நிகழ்ச்சியை நாம் யாரும் பார்த்ததே இல்லை.

என் மடத்தனம் ஒன்று. எலக்ட்ரானிக் கீபோர்டில் வாசிப்பதை ப்ளூடூத் ஹெட்போனில் கேட்க முயன்றேன். அதே ஹெட்போனில் படம் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. வாசிக்க ஆரம்பித்ததும், யாரோ என்னைக் கேலி செய்து பின்னாலேயே வாசிப்பது போல இருந்தது. இரண்டாவது வரியில் விரல் தடுமாறி நின்றுவிட்டது. தட்டுகிற விரல் என்னுடையது, எந்தக் கணத்தில் ஒலி வர வேண்டும் என்று மூளை முன்பே குறித்துவைத்துவிட்டது, அதனால் அங்கே தாராளம் கிடையாது என்று விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 8, திருத்தம்

சரி, சரி. படம் ஓட்டும் செயலிகள் ஹெட்போனின் தாமதத்தைக் கணக்கிட்டுக் காட்சியையும் நிறுத்திவைத்து ஓட்டுகின்றன என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். அப்படியென்றால் படம் பார்த்தபோது என் மூளை தாராளம் காட்டவேயில்லை, செயலிதான் காட்டியிருக்கிறது. மேலே உள்ள என் ஒப்பீடு பாதி விழுந்தது. கீபோர்டு அனுபவம் மட்டும் நிற்கிறது.

பிப்ரவரி 11

'காது சுத்தம் செய்த பிறகு உலகம் இடப்பக்கம் சாய்ந்ததா?' இதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. என்னிடம் உள்ள விடையும் எனக்கே நீண்ட நாள் விளங்காத ஒன்று.

சாயும் என்றுதான் எதிர்பார்த்தேன். பிரிசக் கண்ணாடிச் சோதனை தெரிந்திருந்ததால் வந்த எதிர்பார்ப்பு. காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்தும் பிரிசத்தைப் போட்டுக்கொண்டு ஒரு பொருளைத் தொடப் போனால் கை தள்ளிப் போகும். சில பத்து முறை முயன்றால் சரியாகிவிடும். கழற்றியதும் கை எதிர்ப்பக்கம் தள்ளிப் போகும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே பார்த்தது இது. காதும் அப்படித்தான் என்று நினைத்தேன். மூன்று வாரத்தின் கடைசியில் சாய்வு கொஞ்சம் குறைந்து, அழைப்புமணி ஏறக்குறைய வாசல் பக்கமே கேட்கத் தொடங்கியிருந்தது. ஆக மூளை வரைபடத்தை நகர்த்திவிட்டது, அடைப்பை எடுத்ததும் எல்லாம் இடப்பக்கம் ஓடப் போகிறது, அதை வேடிக்கை பார்க்கலாம் என்று ஆவலோடு மருத்துவரிடம் போனேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அடைப்பு வெளியே வந்த கணமே எல்லாம் அதனதன் இடத்தில். உள்ளுக்குள் ஏமாற்றம், மருத்துவரிடம் சொல்லவும் வெட்கம்.

பின்னர் 1998இல் ஹாஃப்மனும் சகாக்களும் செய்த ஆய்வைப் படித்தபோது கொஞ்சம் வெளிச்சம். காதுமடலின் மடிப்புகளில் அச்சு வார்த்துவைத்து மடலின் வடிவத்தையே மாற்றினார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று சொல்லும் திறன் உடனே பாழானது. சில வாரங்கள் அதை அணிந்தபடியே நடமாடியதில் திறன் மீண்டது. கழற்றியதும்? பழைய மடலோடு முதல் கணத்திலிருந்தே சரியாகச் சொன்னார்கள். எதிர்ப்பிசகு இல்லை. புதிய காதைக் கற்றது பழைய காதை அழிக்கவில்லை. இரண்டாவது மொழியைக் கற்றால் தாய்மொழி மறந்துபோவதில்லையே, அந்த மாதிரி.

என் அடைப்பு வேறு வகை, அதனால் அந்த முடிவை அப்படியே என் காதில் ஒட்டவில்லை. ஆனால் ஒரு காதை அடைத்துப் பழக்கிய சில சோதனைகளும் இதே திசையில்தான் பேசுகின்றன. இரண்டு காதுக்கும் இடையிலுள்ள ஒலி வேறுபாட்டை நம்புவதைக் குறைத்துவிட்டு, நல்ல காதின் மடல் தரும் குறிப்புகளை அதிகம் நம்புவது. அதாவது வரைபடத்தை நகர்த்துவதில்லை, சாட்சிகளின் எடையை மாற்றுவது. பிப்ரவரி 3 காலையில் எழுதிய கணக்கு என் காதுக்குள்ளேயே நடந்திருக்கிறது, நான்தான் வேறெங்கோ தேடியிருக்கிறேன்.

பிப்ரவரி 12

ஐந்து புலன், அவற்றோடு ஆறாவதாக மனம், ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை நம் முன்னோர் சொல்லிவிட்டார்கள், இதில் புதிதாக என்ன என்று ஒருவர். அந்த வரிசை உயிர்களை வகைப்படுத்துவது. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவது. இங்கே பேச்சு, கூட்டும்போது ஒன்று மற்றொன்றைத் திருத்திவிடுகிறது என்பது. போதாததற்கு ஐந்து என்ற எண்ணே பற்றாது. உள்காதின் சமநிலை உறுப்பு, கைகால் எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் செய்தி, இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்த இரண்டாவது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இயன் வாட்டர்மேன். 1971இல், 19 வயதில், காய்ச்சலைத் தொடர்ந்து கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் உறுப்புகளின் நிலை தெரியும் உணர்வும் போய்விட்டன. தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதை எப்படி நகர்த்துவது? ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நடக்கவே கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். நீங்களும் ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள், துளி அளவு புரியும். சுவர் பக்கத்தில் நில்லுங்கள்.

பிப்ரவரி 12, இரவு

பக்கத்து ரயில் நகர்ந்தால் நம் ரயில் பின்னால் போவது போலத் தோன்றுவதும் இந்தக் கணக்குத்தானே என்று கேட்டவருக்கு: ஆம். உள்காது ஆரம்ப உந்துதலையும் திருப்பங்களையும்தான் சொல்லும். சீரான ஓட்டத்தில் அது மௌனம். அந்த மௌனத்தைக் கண் நிரப்பிக்கொள்கிறது. வண்டியில் போனைப் படித்தால் குமட்டுவது இதன் மறுபக்கம், அங்கே கண் 'நகரவில்லை' என்கிறது, காது 'குலுங்குகிறோம்' என்கிறது. ஏன் குமட்டல்? புலன்கள் முரண்பட்டால் நஞ்சு தின்றுவிட்டதாக உடல் எடுத்துக்கொண்டு வெளியேற்றப் பார்க்கிறது என்று 1977இல் ட்ரீஸ்மன் ஒரு கருத்து சொன்னார். கதை நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம்.

பிப்ரவரி 15

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். 'எடை போட்டுச் சேர்க்கிறது என்கிறீர்கள். அப்படியானால் தெருவில் கேட்கிற குரலையும் என் எதிரே இருப்பவர் வாயையும் ஏன் சேர்க்கவில்லை?'

சரியான அடி. சேர்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: இவை இரண்டும் ஒரே நிகழ்ச்சியிலிருந்து வந்தவையா? 2007இல் கோனராட் கோர்டிங்கும் சகாக்களும் இதைக் கணக்காகவே எழுதினார்கள். ஒளியும் ஒலியும் அருகருகே, ஒருங்கே வந்தால் ஒரே காரணம் என்று வைத்துச் சராசரி எடுக்கிறது. விலகிப் போகப் போக, இவை வேறு வேறு என்ற ஊகம் வலுத்து, தனித்தனியே விட்டுவிடுகிறது. உங்கள் ஸ்பீக்கரைத் திரைக்கு அடியிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் வையுங்கள், குரல் கழன்றுவிடும்.

டப்பிங் படம் இதற்கு நல்ல உதாரணம். உதடு ஒன்று சொல்கிறது, குரல் வேறு சொல்கிறது, ஆனாலும் குரல் அந்த முகத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. ஏனென்றால் வாய் திறக்கும்போது குரல் தொடங்குகிறது, மூடும்போது நிற்கிறது. எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டாலும் தொடக்கமும் முடிவும் பொருந்தினால் மூளை கையெழுத்துப் போட்டுவிடுகிறது. வசனம் எழுதுகிறவர்கள் உதடு ஒட்டும் இடத்தில் ப, ம வருகிற சொல்லைத் தேடுவது மெக்கர்க்குக்குச் செய்யும் மரியாதை.

பிப்ரவரி 16

'இது பிறவியிலேயே வருவதா?' பெரும்பகுதி இல்லை. இருட்டிலேயே வளர்த்த பூனைகளின் நடுமூளையில் மேலே சொன்ன அந்தக் கூட்டுக் கூச்சல் உருவாகவில்லை. மனிதக் குழந்தைகளிலும், கண்ணையும் விரலையும் பெரியவர்களைப் போல எடை போட்டுச் சேர்ப்பது எட்டுப் பத்து வயதில்தான் என்று 2008இல் மோனிகா கோரியும் சகாக்களும் காட்டினார்கள். அதற்கு முன் ஏதாவது ஒன்றை மட்டும் நம்பிப் போகிறார்கள். வளர்கிற உடலில் கையின் நீளமே மாறிக்கொண்டிருக்கும்போது, ஒரு புலனை வைத்து இன்னொன்றைச் சரிபார்த்துக்கொண்டிருப்பதுதான் முதல் வேலை, சராசரி எடுப்பது பிறகு என்பது ஒரு விளக்கம்.

1688இல் வில்லியம் மொலினியூ, ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் கனசதுரத்தையும் கோளத்தையும் தொட்டுப் பழகியிருக்கிறார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் எது எது என்று சொல்வாரா? மூன்று நூற்றாண்டு தத்துவவாதிகள் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்த விடையை, இந்தியாவில் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம் நேரடியாகச் சோதித்தது. பிறவிப் பார்வைக் குறைபாட்டுக்கு அறுவை சிகிச்சை பெற்ற 8 முதல் 17 வயதுவரையிலான ஐந்து பேர். ஆய்வு வெளிவந்தது 2011. கண்ணால் பார்த்ததைக் கண்ணால் அடையாளம் கண்டார்கள், தொட்டதைத் தொட்டு அடையாளம் கண்டார்கள். தொட்டதைக் கண்ணால் கண்டுபிடிக்கச் சொன்னபோது கிட்டத்தட்டக் குருட்டு ஊகம்தான். ஆக, மொலினியூவுக்கு விடை 'மாட்டார்'. ஆனால் சில நாட்களிலேயே அந்தத் திறன் வந்துவிட்டது. எனக்கு அந்த 'மாட்டார்' அல்ல, 'சில நாட்கள்' தான் தலைசுற்ற வைக்கிறது.

பிப்ரவரி 19

என் காதுக் கதையை நம்பாத ஒருவர், இடது காதில் பஞ்சு அடைத்துத் திரும்பச் செய்து காட்டச் சொன்னார். செய்தேன். இடது காதில் நுரைப்பஞ்சு. தங்கை எதிரே உட்கார்ந்து செய்தித்தாளைப் படித்தாள். பத்துச் சுற்று. ஒவ்வொன்றிலும் கண்ணை மூடி, குரல் வரும் திசையில் கையை நீட்ட வேண்டும். ஏழு முறை கை அவளுக்கு வலப்பக்கம் தள்ளிப் போனது, மூன்று முறை நேரே. கண் திறந்திருந்தபோது பத்துக்குப் பத்து நேரே, அது எப்படியும் அப்படித்தான் இருக்கும், கண்ணெதிரே ஆள் இருக்கும்போது கையை வேறெங்கே நீட்டுவது? அதைச் சோதனை என்று எண்ண வேண்டாம். ஏழு என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 19, இரவு

ஏழையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கண்ணை மூடியிருந்தபோது நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டதாகத் தங்கை இப்போது சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறாள். எத்தனை சுற்றில் என்று கேட்டால் 'ரெண்டு மூணு இருக்கும்ணா' என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வேறொருவரை உட்காரவைத்துத் திரும்ப எடுக்கிறேன்.